ஒரு மிட்டாய் அதிகம்

சகின்திக் கையிலிருந்த குர்த்தைத் தரையில் போட்டார்.

உப்புத் தயிரை உருட்டிக் காயவைத்த அந்த வெள்ளை உருண்டை 'டொக்' என்று விழுந்து, ஃபிரிட்ஜுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

"இது இல்ல," என்றார்.

"சாட்சியைக் கொன்னுட்டீங்க, சாக்கே," என்றாள் மரால். "வாயில போடப்போறேன், போடப்போறேன்னு காலையிலேர்ந்து பாக்கெட்ல வெச்சிருந்தது அது ஒண்ணுதான்."

மூத்தவர்களின் பெயரைப் பாதியாக நறுக்கிக் கூப்பிடுவதுதான் அல்மாத்தியில் மரியாதை. முழுசாகக் கூப்பிட்டால் கோர்ட்டில் நிற்கிறோம் என்று அர்த்தம். சகின்திக் காவல்துறையில் இருந்த காலத்தில் அவரை முழுப்பெயரில் கூப்பிட்டவர்கள் இரண்டே வகை: குற்றவாளிகள், மேலதிகாரிகள். இப்போது தனியார் துப்பறிவாளர். எல்லோருக்கும் சாக்கே.

அவர் காதில் ஒரு குறையும் இல்லை. இசை மட்டும்தான் ஏறாது. தேசிய கீதத்துக்கே பக்கத்து ஆள் எழுந்தால்தான் எழுவார். அப்படிப்பட்டவரிடம் ஓர் இசைத் திருட்டு வழக்கு வந்து சேர்ந்ததில் உதவியாளர் மராலுக்குக் காலையிலிருந்து ஒரே கொண்டாட்டம். அவள் இந்த வேலைக்கு வருமுன் கல்யாண மண்டபங்களில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தவள்.

"இன்னொரு தடவை போடும்மா," என்றார் சகின்திக்.

வழக்கைக் கொண்டுவந்த தொக்ஜான் லேப்டாப்பைத் தட்டினாள். சமையலறைதான் அவளுடைய ஒலிக்கூடம். சுவரெல்லாம் மெத்தை விரிப்பு தொங்கியது. அடுப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு தட்டில் மிட்டாய், பக்கத்தில் ஆறிப்போன பால் டீ. கொபிஸ் என்ற கஜாக் வாத்தியம் ஒலித்தது. குதிரைமுடிக் கம்பிகள் அழுதன. அழுகை முடியும் இடத்தில் எதுவோ சிதறி விழுந்தது. மறுபடி முதலிலிருந்து அழுகை.

"இதுதான் நான் வாங்கின சாம்பிள், அகாய். லார்ஸ் விண்டர்பெர்க்னு ஒருத்தர் நெட்ல விக்கிற ஒலிப் பொட்டலம். 'புல்வெளியின் ஆன்மா'ன்னு பேரு. வாங்கினவங்க இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டிக்கலாம், யாரையும் கேக்க வேணாம்னு அவரே போட்டிருக்கார். நான் வெட்டினேன், திருப்பினேன், கீழ இறக்கினேன், பாட்டாக்கினேன். போன மாசம் வெளிய விட்டேன். பெரிய மின்னிசைக்காரர் கோக்போரி இருக்காரே, அவரோட பாட்டுலேர்ந்து நான் திருடிட்டேன்னு புகார் குடுத்துட்டார். எல்லா இடத்துலேர்ந்தும் என் பாட்டைத் தூக்கிட்டாங்க."

"வீட்டுல என்ன சொன்னாங்க?" என்றாள் மரால்.

"தாராஸ்லேர்ந்து அம்மா போன் பண்ணாங்க. ஏன் திருடினேன்னு கேக்கல அக்கா. ஏன் மாட்டிக்கிட்டேன்னு கேட்டாங்க."

சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. நாளைக்குக் கோக்-தோபே மலை மேல் விழா. நிறைவு நிகழ்ச்சி அவளுடையது. இன்று மாலை மின்னிசைத் தனித்துவ மன்றம் கூடுகிறது. அது 'நகல்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நாளைய மேடை போகும். மேடை போனாலாவது வேறு மேடை தேடலாம். திருடி என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் இந்த ஊரில் அவள் கல்யாணத்துக்குக்கூடப் பாட்டுப் போட முடியாது.

"அழுகை எனக்கு வேணாம்," என்றார் சகின்திக். அவரால் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தார். "கடைசியில விழுதே, அது என்ன? குர்த் இல்ல. கல்லா? பாசிமணியா?"

மரால் அப்போதுதான் அதைக் கவனித்தாள். காலையிலிருந்து அவளும் கொபிஸைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். தட்டிலிருந்து ஒரு கைப்பிடி மிட்டாயை அள்ளி அப்படியே மேலே வீசினாள்.

கலகலவென்று தரையெங்கும் சிதறியது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் குனிந்து பொறுக்கினார்கள். யாரும் யோசிக்கவில்லை. சாஷு விழுந்தால் பொறுக்காத கஜாக் கிடையாது. நல்ல காரியம் நடக்கும் வீட்டில் பெண்கள் மிட்டாயை வாரி இறைப்பார்கள். ஒன்றாவது கையில் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

குனிந்தபடியே சகின்திக் தலையைத் தூக்கினார். "இதுதான்."

"மரத்தரை, பெரிய ஹால்," என்றாள் மரால். "கல்யாண மண்டபம், சாக்கே. புல்வெளியோட ஆன்மா புலாவு வாசனையில உக்காந்திருந்திருக்கு."

---

மெதேவு போகும் சாலையில், மலையைப் பார்த்த ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தது கோக்போரியின் ஒலிக்கூடம். நீல ஓநாய் என்று பொருள்படும் அந்தப் பெயர் மேடைக்கு. பாஸ்போர்ட்டில் சன்ஜார். கட்டடத்துக்கு நடுவில் ஒரு நிஜக் கம்பளிக் கூடாரம் போட்டிருந்தார். கூடாரத்துக்குள் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் ஆளுயரப் படம்: மலையைப் பார்த்தபடி, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர்.

"கோக்போரி கடன் வாங்கறதில்ல," என்றார் சன்ஜார். தன்னைப் பற்றிப் பேசும்போது அவர் கொஞ்சம் தள்ளி நின்று பேசுவார். "ஒவ்வொரு ஒலியும் நேர்ல போய் எடுத்தது. மௌனம்கூட என் சொந்த மௌனம். இந்தக் கொபிஸ் மங்கிஸ்தாவ் பாலைவனத்துல, விடியக்காலை. நானும் ஒரு கிழவரும்தான். சுத்துவட்டாரத்துல மனுஷ வாடையே கிடையாது."

"கிழவர் பேரு?" என்றார் சகின்திக்.

"அந்த மாதிரி ஆளுங்களுக்குப் பேர் கிடையாது."

"பென்ஷன் எந்தப் பேர்ல வாங்குறார்?" என்றாள் மரால்.

சன்ஜார் அவளைப் பார்க்காமல் பாட்டைப் போட்டார். ஸ்பீக்கர்கள் அலமாரி உயரம். அழுகை வந்தது, கூடவே இடியும் வந்தது. நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. பிறகு அந்தக் கலகலப்பு.

"அது?" என்றார் சகின்திக்.

சன்ஜார் கண்ணை மூடினார். "முன்னோர்கள்."

"பாவம், மொத்தமா விழுந்துட்டாங்க," என்றாள் மரால்.

சகின்திக் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய்த் தலையைச் சாய்த்தார். "இன்னொரு தடவை." போட்டார். "இன்னொரு தடவை, கடைசி வரைக்கும்." போட்டார். நான்காவது தடவை அவர் கேட்பதற்கு முன்பே போட்டார். சன்ஜார் முகத்தில் வெளிச்சம்.

"உங்களுக்கு இசை புரியுது, சாக்கே."

அறுபது வயதில் முதல்முறையாக அந்தச் சொல் அவர் காதில் விழுந்தது. மராலுக்குத்தான் புரையேறியது.

"அந்தத் தங்கச்சி மேல எனக்குக் கோபமில்ல," என்றார் சன்ஜார், வாசல்வரை வந்து. "வருத்தம்தான். சின்னப் பசங்க குறுக்குவழி தேடுறாங்க. நாங்கள்லாம் பாலைவனத்துக்குப் போனோம்."

காரில் ஏறியதும் மரால் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் தட்டினாள். "முடிஞ்சுது. பாலைவனத்துல எவன் மிட்டாய் வீசுவான்? இவரும் அதே பொட்டலத்தை வாங்கியிருக்கார். தான் வாங்கினதையே அவ வாங்கிட்டான்னு புகார். கேஸ் க்ளோஸ். நேரா சம்சா கடைக்கு விடறேன்."

சகின்திக் டாஷ்போர்டில் விரலால் தட்டிக்கொண்டே வந்தார். ஒரு தாளத்துக்கும் அடங்காத தட்டல். அவருக்கு ஏதாவது உறுத்தினால்தான் அப்படித் தட்டுவார். தோஸ்திக் சாலையில் வண்டிகள் நகரவில்லை.

"தொக்ஜான் குடுத்த துண்டைப் போடு."

மரால் போனில் போட்டாள். அழுகை, கலகலப்பு, மறுபடி அழுகை.

"இப்ப அவர் பாட்டைப் போடு. கலகலப்புக்கு அப்புறம் கேளு."

அழுகை, கலகலப்பு. இடிக்கு அடியில், தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல, ஒரு சின்னப் பையன் குரல்: 'அது என்னோடது, குடுடா.'

மராலின் கை நின்றது. "மிட்டாய்க்கு அடிச்சுக்கறான்."

"லார்ஸ் வித்த துண்டுல இந்தப் பையன் இல்ல. அவன் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே வெட்டியாச்சு. கடையில வாங்கினவர்கிட்ட அவன் எப்படி வந்தான்?"

பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. மரால் வண்டியை நகர்த்தவில்லை.

"அப்படின்னா... நிஜமாவே அவர்தான் பதிவு பண்ணாரா? முழுசும் அவர்கிட்டதான் இருக்கா?"

"ம்."

"சாக்கே, நாம தொக்ஜானுக்கு வேலை பார்க்கறோமா, ஓநாய்க்கா?"

அவர் தட்டிக்கொண்டேயிருந்தார்.

"இந்தப் பையனைப் பத்தி நாம பேசாம இருந்துட்டா?"

"நாம பேசலேன்னா அவர் பேசுவார்," என்றார் சகின்திக். "சம்சா அப்புறம். மிட்டாய்க் கடை எங்கயாவது இருந்தா நிறுத்து."

---

மின்னிசைத் தனித்துவ மன்றத்தின் சின்னம் ஒரு பனிச்சிறுத்தை. அதே சிறுத்தை, அதே பாய்ச்சல், கீழே இருந்த சலவைக் கடையின் பலகையிலும் பாய்ந்துகொண்டிருந்தது. மன்றத்துக்கென்று ஒரு தொடக்க இசையும் உண்டு. அது ஒலித்தபோது உறுப்பினர்கள் விறைப்பாக எழுந்து நின்றார்கள். சகின்திக் பக்கத்து ஆளைப் பார்த்து எழுந்தார்.

"இது மென்பொருள் வாங்கினா இலவசமா வர்ற லூப்," என்று தொக்ஜான் மராலின் காதில் சொன்னாள். அவள் உதடு காய்ந்திருந்தது. சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி அளவு ஒலிப்பதிவுக் கருவி ஒன்று எட்டிப் பார்த்தது. அவள் எங்கே போனாலும் அது ஓடிக்கொண்டிருக்கும். இந்தத் தொழிலில் அது மூக்குக் கண்ணாடி மாதிரி, இருப்பதே மறந்துவிடும்.

தலைவர் ஒராஸ்பெக் பேராசிரியர். எல்லோருக்கும் ஒரேக்கே. தனித்துவம் என்பது என்ன என்று அவர் பேசத் தொடங்கினார். அந்தப் பேச்சைப் போன வருடமும் கேட்டிருந்தவர்கள் டீக்குக் கையசைத்தார்கள்.

பிறகு மரால் எழுந்தாள். இரண்டு ஒலிகளையும் போட்டுக் காட்டினாள். லார்ஸின் கடைப் பக்கத்தைத் திரையில் காட்டினாள். கடைசியாகச் சகின்திக் ஒரு பொட்டலம் மிட்டாயைப் பிரித்து, ஒன்றும் சொல்லாமல், கூட்டத்தின் தலைக்கு மேல் வீசினார்.

கலகலவென்று சத்தம். அடுத்த நொடி மன்றத்தில் ஆளில்லை. எல்லோரும் மேஜைக்கு அடியில் இருந்தார்கள். முதலில் வெளியே வந்தவர் ஒரேக்கே. கையில் இரண்டு இருந்தது.

"மன்றம் கேட்ட ஒலியும் இந்த ஒலியும் ஒண்ணுதான்," என்றாள் மரால். "மங்கிஸ்தாவ் இல்ல, மண்டபம். ரெண்டு பேரும் ஒரே கடையில வாங்கியிருக்காங்க." பையன் பேச்சை மட்டும் விழுங்கிவிட்டாள்.

எல்லோரும் சன்ஜாரைப் பார்த்தார்கள். அவர் பதறவில்லை. மெதுவாக எழுந்தார்.

"மண்டபம்தான், ஒரேக்கே. என் அக்கா கல்யாணம். பாலைவனம்ங்கறது ஒரு மனநிலை." கொஞ்சம் இடம்விட்டார். "ஆனா பதிவு பண்ணது நான். இதோ முழுசு."

அவருடைய லேப்டாப்பிலிருந்து அழுகை வந்தது, கலகலப்பு வந்தது, பையனும் வந்தான். 'அது என்னோடது, குடுடா.' அதற்குப் பிறகும் நின்றுவிடவில்லை. பெண்கள் சிரித்தார்கள், நாற்காலி இழுபட்டது, யாரோ சன்ஜார் பேரைச் சொல்லி டீ குடிக்கக் கூப்பிட்டார்கள்.

"அந்தப் பையன் என் அண்ணன் மகன். லார்ஸோ யாரோ, அவன்கிட்ட இருக்கறது இதுலேர்ந்து வெட்டின துண்டு. என்கிட்டேர்ந்து திருடியிருக்கான். திருட்டுப் பொருளைத் தங்கச்சி வாங்கியிருக்கு. தெரியாம வாங்கியிருக்கலாம். ஆனா ஒலி என்னோடது."

முனகல் எழுந்தது. ஒரேக்கே பேனாவை எடுத்தார். தொக்ஜான் மராலின் மணிக்கட்டைப் பிடித்தாள், நகம் பதிந்தது.

"அவர் சொல்றது சரி," என்றார் சகின்திக்.

மரால் திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் சம்சா, சம்பளம், பழைய நட்பு எல்லாம் கருகின.

"பதிவு அவரோடதுதான். சந்தேகமே இல்ல," சகின்திக் நடக்கத் தொடங்கினார், சுவருக்கும் மேஜைக்கும். "அப்ப திருடன் லார்ஸ். முப்பது நாட்டுல வித்திருக்கான். விடக்கூடாது. என் பழைய ஆபீஸ் ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கு. சன்ஜார் ஒரு புகார்ல கையெழுத்துப் போட்டா, பணம் எந்த வங்கியில போய் விழுதுன்னு நாளைக்கே சொல்லிடுவாங்க."

சன்ஜார் தண்ணீர் குடித்தார். "வேணாம், சாக்கே. மன்னிச்சுட்டேன்."

"யாரை?"

"லார்ஸைத்தான்."

"ஒரே ஒரு பாட்டுப் போட்ட பொண்ணு மேல மூணு இடத்துல புகார். உலகம் பூரா வித்த திருடனுக்கு மன்னிப்பா?"

"கோக்போரியோட மனசு பெரிசு."

"நல்ல மனசுதான்," என்று சகின்திக் தலையாட்டிவிட்டு ஒரேக்கே பக்கம் திரும்பினார். "அப்ப ஒரு யோசனை. பாட்டைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, வாங்கினவங்க எழுதினதைத்தான் படிச்சேன். புல்வெளியை லார்ஸ் மாதிரி புரிஞ்சவன் இல்லையாம். உள்ளூர்க்காரங்க போடறதெல்லாம் வெறும் இரைச்சலாம். சொந்தக்காரரே மன்னிச்சுட்டார். நாளைக்கு நிறைவு மேடை வேற காலியாகப் போகுது. அந்த வெளிநாட்டு மேதையையே கூப்பிட்டா என்ன?"

ஒரேக்கேயின் கண்கள் விரிந்தன. வெளிநாட்டுப் பெயர் ஒன்று காதில் விழுந்தால் போதும், அவர் முதுகு தானாக நிமிரும்.

"விண்டர்பெர்க்," என்று அந்தப் பெயரைச் சுவைத்தார். "நான் ரெண்டையும் இப்ப கவனமா கேட்டேன். உண்மையைச் சொல்லணும்னா, அவருடைய துண்டுல ஒரு ஆழம் இருக்கு. ஒரு வடதுருவத்துத் தனிமை. நம்ம சன்ஜாரோடதுல அது கொஞ்சம் கம்மிதான். வெளியிலேர்ந்து பாக்கறவனுக்குத்தான் நம்ம ஆன்மா தெரியுது."

"ரெண்டும் ஒண்ணுதானே, ஒரேக்கே," என்றார் சன்ஜார். குரல் இறுகியிருந்தது.

"உனக்கு அப்படித் தோணும். அந்த மிட்டாய் விழற இடத்துல ஒரு நிறுத்தம் வெச்சிருக்கான் பாரு. அதுதான் கலைஞன். கத்துக்கோ."

"அங்க வெட்டினது நான்," என்றார் சன்ஜார்.

"என்னப்பா?"

"வெட்டினது நான். அந்தத் தனிமை ஹால்ல ஏசி ஓடின சத்தம். லார்ஸும் இல்ல, வடதுருவமும் இல்ல." அவர் கழுத்து நரம்பு புடைத்தது. "நான்தான்யா லார்ஸ்."

மேஜைக்கு அடியில் யாரோ விட்டுவைத்த மிட்டாய் ஒன்று உருண்டது. இந்த முறை யாரும் குனியவில்லை.

சன்ஜார் உட்கார்ந்தார். இப்போது தள்ளி நின்று பேசவில்லை. "முதல்ல என் பேர்லதான் வெச்சேன். ஆறு மாசம் ஒருத்தன் வாங்கல. இதே மன்றத்துக்கு அனுப்பினேன். உள்ளூர் வாசனை தூக்கலா இருக்குன்னு பதில் போட்டீங்க, நீங்கதான் போட்டீங்க. அதே சத்தம். லார்ஸ்னு பேரை மாத்தினேன். அப்புறம் நிக்கவே இல்ல."

ஒரேக்கே சிறுத்தைச் சின்னத்தைக் கவனமாகப் பார்த்தார்.

"ஆக," என்றார் சகின்திக், "யார் வேணா எப்படி வேணா வெட்டிக்கலாம்னு எழுதி, இந்தப் பொண்ணுக்கு வித்ததும் நீங்க. வாங்கினவளைத் திருடின்னு சொன்னதும் நீங்க. பாலைவனத்துக்குப் போன ஓநாய், கடை வெச்சிருக்குன்னு வெளிய தெரியக்கூடாது. சரி. ஆனா உங்க சத்தத்தை இன்னும் எத்தனையோ பேர் போட்டிருக்காங்களே. இவ மேல மட்டும் ஏன்?"

சன்ஜார் தொக்ஜானைப் பார்த்தார். அன்று முதல்முறையாக.

"மத்தவங்க அழுகையை எடுத்தாங்க. நானும் அதைத்தான் எடுத்தேன். இவ அழுகையைக் கீழ தள்ளிட்டு மிட்டாயை முன்னாடி கொண்டுவந்துட்டா. பாட்டே அந்தக் கலகலப்புதான். என் அக்கா கல்யாணம். அந்த மண்டபத்துல இருந்தவன் நான்தான். எனக்கு அது தோணல." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதைக் கேட்டதுலேர்ந்து தூக்கம் இல்ல."

புகார் தள்ளுபடி ஆனதைத் தீர்மானமாக எழுதவே மன்றத்துக்கு மனமில்லை. வாய்வார்த்தையாகப் போகட்டும் என்றார் ஒரேக்கே. போகாது என்று மரால் கதவை மறித்து நின்றாள். எழுதினார்கள். பாட்டைத் திருப்பிப் போடும்படி அதைத் தூக்கிய எல்லாரையும் சன்ஜாரே போனில் கேட்டுக்கொண்டார், தன் முழுப்பெயரைச் சொல்லி.

"உங்களுக்கு எப்ப தெரியும், சாக்கே?" என்றாள் மரால், படியில்.

"மன்னிச்சுட்டேன்னு சொன்னாரே, அப்ப. திருட்டுக் குடுத்தவன் கத்துவான்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி தெரியாது. மிட்டாய்தான் வாங்கி வெச்சிருந்தேன்."

கீழே வாசலில் தொக்ஜான் ஒரு காதில் ஹெட்போனை அழுத்தியபடி, மடியில் லேப்டாப்போடு படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு மேடை இருக்கிறது, கையில் புதிதாக ஏதோ இருக்கிறது. அவளால் வீடுவரை பொறுக்க முடியவில்லை. சின்ன ஸ்பீக்கரிலிருந்து ஒரு குரல் துண்டு துண்டாக வந்தது. 'நான்தான்யா லார்ஸ். நான்தான்யா. நான்தான்யா லார்ஸ்.' அடியில், உருண்டு போகும் ஒரே ஒரு மிட்டாய்.

சன்ஜார் அவர்களைத் தாண்டிக் காருக்குப் போனவர் அப்படியே நின்றார்.

தொக்ஜான் எழுந்தாள். "பையில கருவி ஓடிக்கிட்டிருந்துது, அகாய். நாளைக்குக் கடைசிப் பாட்டுல போடலாம்னு... நீங்க வேணாம்னா அழிச்சுடறேன். கேக்காம எடுக்க மாட்டேன்."

சன்ஜார் காருக்கு நடந்தார். கார்க் கதவைத் திறந்தார். மூடினார். திரும்பி வந்தார். மரால் ஒரு படி இறங்கி நடுவில் நிற்கத் தயாரானாள்.

"அங்க வெட்டாதே," என்றார் அவர், குனிந்து திரையில் விரலை வைத்து. "நான்தான்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுத்தேன் பாரு. அதையும் சேர்த்து எடு."